பதினோராம் எண் கூண்டு

மிக்ஜாம் புயல் கரை ஏறாமலே சென்னைக்கு எதிரே கடலில் மெல்ல ஊர்ந்துகொண்டு கொட்டித் தீர்த்த 2023 டிசம்பர் இரவில், மின்சாரம் போய் வெகுநேரம் கழித்து எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் இருமி இருமி உயிர் பெற, அதன் டீசல் வாடை படிக்கட்டு வழியே ஏறி, மூன்றாம் மாடிக் கதவிடுக்கில் நுழைந்து, ஈரத்துணி காயப்போட்டிருந்த கூடத்தில் நிறைந்தபோது, எனக்கு மாமாவின் காக்கிச் சட்டை நினைவுக்கு வந்தது. அத்தை அதை மற்ற துணிகளோடு சேர்க்கமாட்டாள், கிணற்றடியில் தனி வாளியில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்து, வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு எடுப்பாள், அப்படியும் கழுத்துப் பட்டையில் டீசல் வாடை மீந்திருக்கும், அதன் மேல் சந்தனப் பவுடரைக் கொட்டிக்கொண்டு மாமா ஷிப்டு பஸ்ஸுக்குக் கிளம்புவார், தெருமுனை திரும்பும் வரை இரண்டும் கலந்த ஒரு வாசனை வாசலில் நிற்கும்.

மாமா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அவசர டீசல் எஞ்சின்களோடு இருந்தவர். அணு என்றதும் ஊர்க்காரர்கள் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயுமாகக் கற்பனை செய்துகொண்டு அவரிடம் மரியாதையாகப் பேச வருவார்கள், அவரோ நகக்கண்ணில் கறுப்பும் கையில் வேஸ்ட் துணியுமாக நின்று, பம்ப்செட் மெக்கானிக் வேலைதாங்க, கொஞ்சம் பெரிய பம்ப்செட் என்பார். 1984-இலும் 1986-இலும் அடுத்தடுத்து இரண்டு உலைகள் வணிக உற்பத்திக்கு வந்த நிலையம் அது, ஆனால் மாமாவின் எஞ்சின்கள் ஒரு வீட்டுக்கும் விளக்கேற்றியதில்லை, வராமல் போனால் நல்லது என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளும் ஒரு நாளுக்காக அவை துடைத்து, எண்ணெயிட்டு, குறித்த முறைப்படி ஓட்டிப் பார்த்து, சில நொடிகளில் கிளம்புகிறதா என்று எழுதி வைத்து, மறுபடி அணைக்கப்படும். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது, சனிக்கிழமை தோறும் டார்ச்சை எரித்துப் பார்ப்பார், ஸ்டவ் பின்னை எண்ணுவார், அத்தை சலித்துக்கொண்டால், போன வாரம் எரிஞ்சதுங்கறதுக்காக இந்த வாரம் எரியும்னு எழுதியா குடுத்திருக்கான் என்பார்.

உலையை நிறுத்துவது பெரிய காரியமே இல்லை என்று அவர்தான் எனக்குச் சொன்னது, நிறுத்தியபிறகுதான் வேலை. அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போட்டாலும் தணல் கிடக்கும் வரை சோறு அடிப்பிடிக்கத்தானே செய்யும், உலையும் நிறுத்திய நொடியில் முழுச் சக்தியில் ஆறேழு சதவிகித வெப்பத்தை விடாமல் தந்துகொண்டிருக்கும், ஒரு நாள் கழித்தும் அரை சதவிகிதத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும், அதை எடுத்துப் போகத் தண்ணீர் ஓடவேண்டும், தண்ணீர் ஓட பம்ப் சுற்றவேண்டும், பம்ப் சுற்ற மின்சாரம் வேண்டும், புயல் வந்தால் முதலில் அறுந்து விழுவது மின்கம்பி. இதை அவர் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குள், எலும்பும் மண்டையோடும் செதுக்கிய கல்லறைப் பலகை ஒன்றின் நிழலில் உட்கார்ந்து, வறுத்த வேர்க்கடலையைத் தோல் ஊதிக்கொண்டே சொன்னார், மஸ்லின் துணி வாங்க வந்து இங்கேயே மண்ணான அந்த வெள்ளைக்காரர்களில் எத்தனை பேர் புயலில் கப்பலைப் பறிகொடுத்தார்களோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன், கோட்டைச் சுவருக்கு அப்பால் சவுக்கு இரைந்துகொண்டிருந்தது.

சவுக்கு இரைச்சல் என்றால் எனக்குக் கடலூர் முதுநகர்தான். தாத்தா துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர், ஐப்பசி பிறந்துவிட்டால் மாலை ரேடியோச் செய்தி முடிந்த கையோடு குடையை எடுத்துக்கொண்டு உப்பனாற்றுப் பக்கம் நடப்பார், கருவாட்டு வாடையும் தாரும் ஈரக் கயிறும் மணக்கும் அந்தப் பாதையில் நானும் கூடப் போவேன், கம்பத்தில் எந்தப் புயல் கூண்டை ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பகலில் கறுப்புக் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். ஒன்றும் இரண்டும் தூரத்துக் கடலுக்கு, மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வந்த எச்சரிக்கை, ஐந்து முதல் ஏழு வரை ஆபத்து, எட்டு முதல் பத்து வரை பேராபத்து என்று அவர் வாய்ப்பாடு போலச் சொல்லித் தருவார், பத்தோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்த இடத்தில் பதினொன்று என்று இன்னொன்று இருந்தது. அது புயலின் வலுவைச் சொல்வதல்ல, வானிலை மையத்தோடு இருந்த தொடர்பே அறுந்துபோயிற்று, மோசமான வானிலை வரும் என்று துறைமுக அதிகாரி தானாக முடிவு செய்திருக்கிறார் என்பது அதன் கணக்கு. பத்தைவிட இதற்கு ஏன் பெரிய நம்பர் என்று கேட்டேன், தாத்தா மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே, அதை ஏத்திட்டா இனிமே நமக்குச் சொல்ல ஆள் இல்லைன்னு அர்த்தம்டா, நாமளேதான் பாத்துக்கணும் என்றார்.

அவர் கம்பத்தைப் பார்த்துவிட்டு வருவதற்குள் ஆயா பாதி வேலையை முடித்திருப்பாள். அவள் ரேடியோ கேட்கிறவள் இல்லை, கொண்டல் திசை மாறுவதையும் காக்கை உள்நாட்டுப் பக்கம் போவதையும் பார்த்து முடிவெடுப்பாள் என்று சொன்னால் இன்றைக்குக் கதை என்பார்கள், பாதி கதையாகவும் இருக்கலாம், ஆனால் முருங்கைக் கிளைகளை மழைக்கு முன்பே கழித்துவிடுவதும், தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டையை இறக்குவதும், கூரைமேல் பழைய மீன்வலையைப் போர்த்தி நான்கு மூலையிலும் கல் கட்டுவதும், அம்மிக்குழவியிலிருந்து கோழிக்கூடை வரை முற்றத்தில் கிடப்பதையெல்லாம் உள்ளே சேர்ப்பதும் கதையில்லை, நான் சுமந்திருக்கிறேன். அரிக்கேன் விளக்கின் சிம்னியைச் சாம்பல் தொட்டுத் துடைத்து, திரியைக் கத்தரித்து, ரேஷன் மண்ணெண்ணெயைப் பொங்காமல் ஊற்றி மூடியைத் திருகுவாள். தீப்பெட்டிகளை அரிசிப் பானைக்குள் புதைத்துவைப்பாள், எத்தனை நாள் அடைமழையானாலும் குச்சி ஒரே உரசலில் பற்றும். காற்று எழும்பத் தொடங்கியதும் கடைசியாகக் கொட்டகைக்குப் போய் மாட்டை அவிழ்த்துவிட்டு வருவாள், கட்டிப்போட்ட மாடுதான் புயலில் சாகும், அவிழ்த்த மாடு வழி பார்த்துக்கொள்ளும் என்பாள்.

அரிசிப் பானைத் தீப்பெட்டியை நான் மறுபடி நினைத்துக்கொண்டது, நம்பமாட்டீர்கள், அமெரிக்காவில், மயாமிக்குத் தெற்கே. சித்தப்பா மகன் அங்கே வீடு வாங்கியிருந்தான், நான் போயிருந்தது ஜூன் மாதம், ஜூன் முதல் தேதியிலிருந்து நவம்பர் 30 வரை அவர்களுக்குச் சூறாவளிக் காலம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு கிழவி, கணவர் போய்ப் பல வருடம் ஆனவள், அந்த வாரம் கார் ஷெட்டைத் திறந்துவைத்து ஒட்டுப்பலகைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு பலகையிலும் எந்த ஜன்னலுக்கு என்று மார்க்கரில் எழுதியிருந்தது, ஸ்க்ரூக்கள் ஒரு பழைய காப்பி டப்பாவில், தீப்பெட்டிகள் ரப்பர் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில். புயல் வருகிற நாளில் குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துவிடவேண்டும், குடிக்க அல்ல, கக்கூஸில் ஊற்ற என்று எனக்குப் பாடம் எடுத்தாள். தம்பிக்கு இதெல்லாம் வேடிக்கை, அவனுக்கு போனில் வண்ண வண்ணமாகச் சுழலும் வரைபடம் இருந்தது, இன்ஷூரன்ஸும் இருந்தது.

கிழவி ஆண்ட்ரூவில் இருந்தவள். 1992 ஆகஸ்ட் 24, விடியும் முன்னால் ஹோம்ஸ்டெட் ஊர் மேல் ஏறிய அந்தப் புயலை நான்காம் நிலை என்றுதான் அப்போது எழுதினார்கள், பத்து வருடம் கழித்துக் கணக்கைத் திரும்பப் பார்த்து ஐந்தாம் நிலைக்கு உயர்த்தினார்கள். டேட் மாவட்டத்தில் 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன, ஹோம்ஸ்டெட்டில் இருந்த 1,176 நடமாடும் வீடுகளில் 1,167 மிஞ்சவில்லை. இருட்டறையில் பேட்டரி ரேடியோ வழியே பிரையன் நார்கிராஸ் என்ற தொலைக்காட்சி வானிலைக்காரரின் குரல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது, மெத்தையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள் என்றார், போட்டுக்கொண்டோம் என்றாள் கிழவி. நம்மூரில் இப்போது தொலைக்காட்சி நிருபர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, தண்ணீர் முழங்கால் அளவு இருக்கிறது என்று சொல்கிறார்கள். விடிந்து கிழவி வெளியே வந்தால் தெருப்பெயர்ப் பலகைகள் ஒன்றும் இல்லை, தன் வீட்டுக்குப் போகத் தனக்கே வழி தெரியவில்லை, மிச்சமிருந்த சுவர்களில் வீட்டு எண்ணையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயரையும் பெயின்ட்டால் பெரிதாக எழுதிவைத்துக் காத்திருந்தார்கள்.

நான் புறப்படும் முன்பே மாமா சொல்லி அனுப்பியிருந்தார், அந்தப் பக்கம் போனா டர்க்கி பாயின்ட் எங்க இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வா மாப்ள. உள்ளே விடமாட்டார்கள், பிஸ்கேன் விரிகுடாக் கரையில் தேசியப் பூங்காவின் நடைபாலத்தில் நின்றால் தெற்கே தெரியும், சதுப்புச் சேறும் அழுகிய இலையுமாகப் பிச்சாவரத்து வாடை அடித்தது, நான் கண்ணை மூடித் திறந்தேன். புயலின் கண் நேராக மேலே கடந்துபோன அணுமின் நிலையம் அது. நிலையான காற்றே மணிக்கு 233 கி.மீ., வீச்சில் 280-ஐத் தொட்டது. முந்தைய நாளே ஆட்கள் நடந்து நடந்து, பறக்கக்கூடியதையெல்லாம் பொறுக்கிக் கட்டி வைத்து, காற்று வருவதற்கு வெகுநேரம் முன்பே இரண்டு உலைகளையும் நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள், சூறாவளிக் காற்று தொடுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன் உலை நின்றிருக்கவேண்டும் என்பது அங்கே நடைமுறை. உலைக் கட்டடங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கதிர்வீச்சுக் கசிவும் இல்லை. சுற்றியிருந்தவைதான் அடி வாங்கின, பக்கத்தில் எண்ணெய் எரிக்கும் பழைய அலகு ஒன்றின் 400 அடிப் புகைபோக்கி பிளந்து பிறகு இடிக்கவேண்டியதாயிற்று, உயரத்தில் நின்ற தண்ணீர்த் தொட்டி ஒன்று சாய்ந்து விழுந்து தீயணைப்புத் தண்ணீர் ஏற்பாட்டை நொறுக்கியது, வெளி மின்சாரம் ஐந்து நாளுக்கும் மேலாக வரவில்லை, அத்தனை நாளும் டீசல்தான்.

இதில் மாமா திரும்பத் திரும்பக் கேட்டது வேறொன்று. புயல் உச்சத்தில் இருந்தபோது நான்கு மணி நேரம் அந்த நிலையத்துக்கு வெளியுலகத்தோடு தொலைபேசி, வயர்லெஸ் எதுவுமே இல்லை, ஒன்றுக்கு மாற்றாக வைத்திருந்த ஒவ்வொன்றும் சேர்ந்தே போயிற்று, ஏனென்றால் எல்லா ஆன்டெனாவும் ஒரே காற்றில்தானே நின்றன. தாத்தா இருந்திருந்தால் பதினோராம் எண் கூண்டை ஏற்றச் சொல்லியிருப்பார். உள்ளே இருந்தவர்கள் தாங்களேதான் பார்த்துக்கொண்டார்கள், உலையைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எட்டுப் பத்து மைல் தள்ளி ஹோம்ஸ்டெட்டில் தங்கள் வீடு நிற்கிறதா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதுதான் தெரியவில்லை. பலருக்கு வீடு நிற்கவில்லை. நிலையத்துச் சாலையில் கிடந்த மரத்தையும் தகரத்தையும் விலக்கிக்கொண்டு மாற்று ஷிப்டு வரவேண்டும், வரவேண்டியவனோ இடிந்த சுவருக்கு அடியில் குழந்தையின் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். ஊழியர் குடும்பங்களுக்குக் கூரையும் சாப்பாடும் தேடுவது பம்பைச் சரிசெய்வதற்குச் சமமான வேலையாகிவிட்டது. உலை தயார், ஆனால் ஊரை விட்டு வெளியேறும் வழிகளும் சைரன்களும் தங்குமிடங்களும் தயாரா என்று பார்க்காமல் தொடங்கலாமா என்ற சர்ச்சை எழுந்து, பேரிடர் தாக்கிய அணுமின் நிலையத்தை மறுபடி இயக்குமுன் ஊர்ப்பக்கத்து ஏற்பாடுகளையும் பேரிடர் மேலாண்மை அமைப்பு பார்த்துச் சொல்லவேண்டும் என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் உறுதிப்பட்டது. இப்போது அங்கே புயல் வருமுன்பே ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஷிப்டு ஆட்களைக் கட்டிலும் போர்வையும் சாப்பாடுமாக உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அந்த நிலையத்தின் வெந்நீரைக் குளிரவைக்க வெட்டிய சுமார் 270 கி.மீ. வாய்க்கால்களின் கரையில் அமெரிக்க முதலைகள் முட்டையிட்டுப் பெருகியிருப்பதாகத் தம்பி சொன்னான், மனிதர்களைவிட அவை சீக்கிரம் குடியேறிவிட்டன.

திரும்பி வந்து மாமாவிடம் இதையெல்லாம் சொன்னபோது குடும்பங்களைப் பற்றிய இடம் வந்ததும் அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, அவர் காலை ஷிப்டு. முதல் உலை பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தது, இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது, கடலுக்கு அடியில் சுரங்கம் வழியாகத் தண்ணீர் எடுக்கும் பம்ப் அறையில் மட்டம் எழும்பி பம்புகள் நிற்க, உலையை நிறுத்தினார்கள், எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி நடந்தது, புது வருடம் பிறந்த கையோடு அது மறுபடி இயங்கவும் தொடங்கியது. பக்கத்தில் அப்போதுதான் ஆரம்பித்திருந்த ஈனுலையின் அஸ்திவாரக் குழி கடல்நீரால் நிரம்பியது. இவையெல்லாம் பதிவில் இருப்பவை. ஊழியர் குடியிருப்புக்குள்ளும் தண்ணீர் புகுந்து பலர் போனதும் பதிவில் இருக்கிறது. மாமாவின் வீடு கடலுக்குப் பக்கத்துத் தெருவில். அன்று மாலை வரை அத்தை மாடிவீட்டுக்காரர்களோடு மேலே இருந்ததை அவர் அறியவில்லை, அந்த மணி நேரங்களைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதெல்லாம், கேன்டீனில் அன்றைக்குப் பொங்கல், கொஞ்சம் மிளகு தூக்கல் என்பதுதான்.

ஓய்வுபெற்றுப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்போடு உட்கார்ந்தார், 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே ஏறி, தாத்தா காலத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு படுக்கவைத்துப் போனது. முறிந்த மரத்தின் பால் வாடை அந்த வட்டாரம் முழுவதும் வாரக்கணக்கில் இருந்தது. நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள், மாமா ஒட்டுக்கன்று வைத்தார், மூன்று நான்கு வருடம் போய்த்தான் காய்ப்பைப் பார்த்தார்.

மிக்ஜாம் வடிந்த பிறகு அவரைப் போனில் கூப்பிட்டேன். டீசல் வாடையைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டது, அவர் அதைக் காதில் வாங்கவில்லை, உங்க ஜெனரேட்டர் எங்க இருக்கு என்று கேட்டார், கீழ்த்தளத்தில் என்றேன், தெருவைவிடத் தாழவா ஒசரவா, தாழ என்றேன். மறுமுனையில் ஒரு செருமல். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 மார்ச் சுனாமியில் டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவை கட்டடங்களின் அடித்தளத்தில் கிடந்து கடல்நீரில் மூழ்கின, உயரத்தில் இருந்த, காற்றால் குளிரும் எஞ்சின் ஒன்றுதான் ஐந்தாம் ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது, அதை மாமா அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அத்தையிடம் விளக்கியவர். பிறகு கேட்டார், அன்னைக்கு ராத்திரி அதை ஓட்டுனது யாரு, அவன் பொண்டாட்டி புள்ளைங்க எங்க இருந்தாங்க?

எங்கள் காவலாளி பள்ளிக்கரணைப் பக்கத்துக்காரர், ஆறு மணிக்கு வேலை முடிந்து போகவேண்டிய ஆள், மாற்றாள் வரவில்லை, இரண்டு இரவும் ஒரு பகலும் டீசல் கேனைத் தூக்கி ஊற்றிக்கொண்டு கீழேயே இருந்திருக்கிறார், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்து மாடியில். லிஃப்ட் நின்னுடக்கூடாதுன்னு நாலாவது மாடி அம்மா சொல்லிட்டாங்க சார் என்றார், குறை சொல்கிற குரலில் அல்ல, கேட்டதற்குப் பதிலாக.

ஜனவரியில் அசோசியேஷன் கூட்டம் நடந்தது, வாட்ஸாப்பில் நூறு செய்தி போடுகிறவர்களில் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், முக்கியமான பொருள் வெளிச்சுவருக்கு என்ன நிறம் என்பது. நான் ஒரு காகிதத்தில் எழுதிப் போயிருந்தேன், ஜெனரேட்டரை மேடை கட்டி ஏற்றுவது, டீசலை மூன்று நாளுக்குச் சேர்ப்பது, மாதம் ஒரு தடவை நிஜமாகவே ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது, மொட்டைமாடியில் கிடக்கும் தகரத்தையும் உடைந்த நாற்காலிகளையும் புரட்டாசிக்குள் இறக்குவது, புயல் நாட்களில் பணியில் இருக்கும் காவலாளியின் குடும்பத்தை முன்கூட்டியே வரவழைத்து முதல் மாடிக் கூட்ட அறையில் தங்கவைப்பது. மேடைக்கு எஸ்டிமேட் கேட்பதாக முடிவாயிற்று, தகரம் யாருடையது என்று ஒரு வாக்குவாதம் நடந்தது, கடைசி விஷயத்துக்கு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இதற்கு முன்னுதாரணம் உண்டா என்று கேட்டார், நான் டர்க்கி பாயின்ட் என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். இரண்டு பேர் எதிர்த்தார்கள், நிறைவேறியது, கூட்ட அறையில் சமைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

மாமாவிடம் சொன்னபோது மேடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சோறு ஆக்கக்கூடாதுன்னா அந்தப் புள்ளைங்க ரெண்டு நாளைக்கு என்னத்தைத் திங்கும் என்றார், அடுத்த கூட்டத்துல மொதல்ல அதை எடுக்கச் சொல்லு, பெயின்ட்டு அப்புறம் அடிச்சுக்கலாம்.